மூட்டை மேல் உட்கார்ந்தவர்

போன மாதம் என் தங்கை மகன் மல்லாங்கிணற்றிலிருந்து வந்திருந்தான். கார் வாங்கப் போகிறானாம். செல்போனில் நான்கைந்து கார்களைத் தள்ளித் தள்ளிக் காட்டி, "பெரியம்மா, இதுல எத எடுக்கலாம், சொல்லுங்க" என்றான். நான் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளே பள்ளிக்கூடத்தோடு போயிற்று. ஆனாலும் எங்கள் சொந்தத்தில் யார் வண்டி எடுத்தாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பது வழக்கமாகிவிட்டது. காய்ச்சல், சர்க்கரை என்றால் மட்டும் யாரும் என்னிடம் வருவதில்லை. அதற்கு மெடிக்கல் கடைக்காரர் இருக்கிறார்.

அவன் மைலேஜ் சொன்னான், கலர் சொன்னான், ரிவர்ஸ் எடுக்கும்போது படம் காட்டும் கேமராவைச் சொன்னான். "எல்லாஞ் சரிடா. மோதுனா உள்ள இருக்கவன் என்ன ஆவான்? அதச் சொல்லு" என்றேன். பையன் முகம் வாடிவிட்டது. அவனோடு வந்திருந்த என் தங்கை அடுப்படியிலிருந்து, "நல்ல காரியம் பேசுறப்ப ஏன்க்கா இப்பிடி வாய வைக்கிற?" என்று கத்தினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் வைத்துப் பேசுகிற பேச்சா அது? ஆனால் பாதி ஆயுசை அவசர சிகிச்சைப் பிரிவில் கழித்தவளுக்கு வண்டி என்றதும் வேறு எதுவும் தோன்றுவதில்லை.

இப்போது பணியில் இருக்கும் பிள்ளைகள், நர்ஸுகள் சங்க மலருக்கு ஏதாவது அனுபவம் எழுதிக் கொடுங்கள் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் பாராட்டு வாங்கியதும் பொன்னாடை போர்த்தியதும் எழுத வரவில்லை. காதர் என்ற ஒருவரைப் பற்றித்தான் வருகிறது. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் எங்கள் டாக்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மதுரையில் படிப்பு. பிறகு நரிக்குடிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவமும் தடுப்பூசியும் பாம்புக்கடியுமாகச் சில வருஷம். அப்புறம் மெயின் ரோட்டை ஒட்டியிருந்த ஓர் அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வந்தது. ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தேன். அவசர சிகிச்சைப் பிரிவைக் கவனித்தவர் டாக்டர் பெருமாள்சாமி. ஆள் குட்டை, குரல் பெரிது. சிரிக்க வைப்பது சிரமம். பொய் சொன்னால் அவருக்கு ஆகாது. ஊசி போடும்போது குழந்தையிடம் "வலிக்காதுடா செல்லம்" என்று நாங்கள் சொன்னால்கூட, "வலிக்கும், ஆனா சீக்கிரம் போயிரும்னு சொல்லுங்க சிஸ்டர்" என்று திருத்துவார்.

ஆம்புலன்ஸ் வந்து நின்றால் நாங்கள் எல்லோரும் ஓடுவோம். அவர் ஓட மாட்டார், நடந்து வருவார். மூச்சு சரியாக வருகிறதா, ரத்தம் எங்கேயாவது பீய்ச்சுகிறதா என்று ஒரு பார்வை பார்ப்பார். அதில் அவசரம் இல்லையென்றால் அடுத்து அவர் திரும்புவது கூட வந்தவர்கள் பக்கம். "என்ன வண்டி? எதுல மோதுச்சு? இவரு எங்க உக்காந்திருந்தாரு?" எந்தக் கேஸ் வந்தாலும் இதைக் கேட்காமல் இருக்க மாட்டார். கூட வந்தவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை திருச்சுழிக்காரர் ஒருவர், "ஆளு துடிச்சுக்கிட்டுக் கெடக்கான், இவரு என்னமோ இன்சூரன்ஸ்காரரு மாதிரி வண்டிய விசாரிக்கிறாரு" என்று சட்டையையே பிடித்துவிட்டார். டாக்டர் அசையவில்லை. "வெளிய தெரியுற காயத்த நானே பாத்துக்குவேங்க. உள்ள இருக்கறதக் கண்டுபிடிக்கத்தான் கேக்குறேன். கையை எடுத்துட்டுப் பதில் சொல்லுங்க" என்றார். அந்த மனிதரும் கையை எடுத்துவிட்டுப் பதில் சொன்னார்.

எங்களுக்கும் முதலில் இது புரியவில்லை. புரிய வைப்பதற்காக டூட்டி முடிந்ததும் சில நாள் எங்களைப் போலீஸ் ஸ்டேஷன் பக்கத்துக் காலி இடத்துக்குக் கூட்டிப்போவார். விபத்தில் சிக்கிய வண்டிகளைக் கொண்டுவந்து போடும் இடம் அது. சீமைக்கருவேல் முளைத்துக் கிடக்கும். சீட்டில் ரத்தம் காய்ந்திருக்கும், ஒற்றைச் செருப்பு கிடக்கும், கண்ணாடியில் சாமி படம் அப்படியே ஒட்டியிருக்கும். முதல் தடவை நான் கிட்டப் போகாமல் தள்ளியே நின்றேன். அவரோ நசுங்கிய வண்டிக்குள் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொள்வார். "பாருங்க சிஸ்டர், ஸ்டியரிங் மேல்பக்கம் வளைஞ்சிருந்தா நெஞ்சைப் பாக்கணும். கீழ்ப்பக்கம் வளைஞ்சிருந்தா வயித்தைப் பாக்கணும். அவரு எந்திரிச்சு நடந்து வந்தாலும் பாக்கணும்." அப்படியே காலை நீட்டி, முன்பலகையில் முழங்கால் எங்கே இடிக்கிறது என்று காட்டுவார். முழங்காலில் வாங்கிய அடி இடுப்பு மூட்டைக் கழற்றிவிடும் என்பதை நான் புத்தகத்தில் படித்ததைவிட அந்தக் கருவேலங்காட்டில்தான் நன்றாகத் தெரிந்துகொண்டேன்.

நாளாக நாளாக, ஆள் ஸ்ட்ரெச்சரில் வரும்போதே வண்டி இன்னதென்று எங்களுக்கே தெரிய ஆரம்பித்தது. பைக்கில் வந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். லாரி டிரைவர் பெரும்பாலும் நடந்தே வருவார். கையில் நாலு கண்ணாடிச் சில்லு, உதட்டில் ஒரு கிழிசல். "எதுத்தாப்புல வந்த பய எப்பிடி இருக்கான் சிஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டே வெளியே உட்கார்ந்திருப்பார். ஆனால் லாரியும் லாரியும் மோதிக்கொண்டால் அவருக்கும் தப்பில்லை, தகரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும். டிராக்டர் கவிழ்ந்தால் மேலே தடுக்க ஒன்றும் கிடையாது, மொத்த எடையும் ஓட்டுகிறவன் நெஞ்சின் மேல் இறங்கும். ஒரு பெரிய காரும் ஒரு சின்ன காரும் மோதினால், பெரிய காரில் வந்தவர்கள் ரோட்டோரம் நின்று போன் பேசிக்கொண்டிருப்பார்கள். சின்ன காரில் வந்தவர்களை எங்களிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். தப்பு யார் மேல் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. எனக்கு அதுதான் பொறுக்காது. ஒழுங்காக ஓட்டியவன் செத்துப்போவான், தாறுமாறாக ஓட்டியவன் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு நிற்பான்.

குட்டியானை என்று எங்கள் பக்கம் சொல்கிற சின்ன லோடு வண்டி வந்த பிறகு ஒரு புதுவகைக் காயம் வர ஆரம்பித்தது. எந்தக் கம்பெனி வண்டியானாலும் ஜனங்களுக்கு அது குட்டியானைதான். காய்கறி, வத்தல், கரி, ஆடு, கல்யாணப் பந்தல் சாமான், சாவு வீட்டுக்குப் போகும் சனம், எல்லாம் அதில்தான். அந்த மாதிரி வண்டிகளுக்கு மூக்கு கிடையாது. காருக்கு முன்னால் பானெட் இருக்கிறது, மோதினால் முதலில் அது நசுங்கும். இதில் டிரைவருடைய முழங்கால்தான் வண்டியின் முன்பக்கம். நடுவில் ஒரு தகரம். மெதுவாகப் போய் மோதினால்கூடத் தகரம் உள்ளே வந்து காலைப் பிடித்துக்கொள்ளும், ஸ்டியரிங் வயிற்றில் ஏறும். "இது லோடு வண்டி இல்ல சிஸ்டர். லோடு பத்திரமா இருக்கு, டிரைவர்தான் பம்பர்" என்று டாக்டர் சொல்வார். சிரிக்காமல்தான் சொல்வார்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் விபத்து நடந்த இடத்தில், அடிபட்டவனுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் ஒரு காரியம் நடக்கும். ஓட்டியது யார் என்று முடிவு செய்வது. யார் ஓட்டினார் என்று விசாரிப்பது இல்லை, முடிவு செய்வது. லைசென்ஸ் இல்லாத மகன் ஓட்டியிருந்தால் அப்பா ஓட்டியதாக ஆகும். குடித்தவர் ஓட்டியிருந்தால் குடிக்காதவர் ஓட்டியதாக ஆகும். வெளிநாடு போகிறவர் ஓட்டியிருந்தால் உள்ளூரில் இருக்கிறவர் ஓட்டியதாக ஆகும். கூடிய கூட்டமே இதைச் சொல்லிக்கொடுக்கும். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. அந்தக் குடும்பம் ஸ்டேஷன், கோர்ட்டு என்று அலையக் கூடாதே என்கிற நல்ல மனசுதான். நானும் இந்த ஊர்க்காரிதான், எனக்கு அது தெரியாதா? போலீஸிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். அந்தப் பொய்யை அப்படியே எங்கள் கட்டில் வரைக்கும் கொண்டுவந்துவிடுகிறார்கள், அதுதான் என் ஆத்திரம்.

அது மாசி மாதம், மிளகாய் வத்தல் சீசன். மதியச் சாப்பாட்டுக்கு உட்காரப் போன நேரம். ஆள் வருவதற்கு முன்னால் நெடி வந்தது. வாட்ச்மேன் தும்மினார், பிறகு நான், பிறகு கட்டிலில் படுத்திருந்த நோயாளிகள். ஆட்டோவிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். மூத்தவர் காதர், நாற்பது வயதுக்குள் இருக்கும். தம்பி நசீர், இருபத்தைந்து இருக்கலாம். காதர் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். நெற்றியில் சிராய்ப்பு, முழங்கால் இரண்டும் கன்றியிருந்தன. இடது தோள் வலிக்கிறது என்றார். நசீரின் கண் இரண்டும் வீங்கிச் சிவந்து தண்ணீராக ஊற்றியது. அழுதிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் வழக்கம்போலக் கேட்டார். நசீர் ஒப்பித்த மாதிரி சொன்னான். "குட்டியானை சார். திருச்சுழிப் பக்கமிருந்து வத்தல் ஏத்திட்டு வந்தோம். ஆடு குறுக்க விழுந்துருச்சு. ஒடிச்சேன், பாலத்துச் சுவத்துல குத்தி வண்டி மூஞ்சி உள்ள போயிருச்சு. நாந்தான் சார் ஓட்டுனேன். அண்ணன் பின்னாடி மூட்டை மேல உக்காந்திருந்தாக. தூக்கிக் கீழ போட்ருச்சு." பக்கத்தில் ஆஸ்பத்திரி டூட்டிக்கு வந்த ஏட்டையா நின்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தார்.

மூட்டை மேலிருந்து ரோட்டில் விழுந்தவர் என்றால் தலை, கழுத்து, முதுகு, தோள். டாக்டர் அந்த வரிசையில் பார்த்தார். வயிற்றையும் அமுக்கிப் பார்த்தார். "வலிக்குதா?" "இல்ல சார்." "நல்லாச் சொல்லுங்க." "இல்ல சார், தோள் மட்டுந்தான்." தோளுக்கு எக்ஸ்ரே எழுதிவிட்டு, அதே நேரத்தில் பூச்சி மருந்து குடித்து வந்த ஒரு பெண்ணைப் பார்க்க உள்ளே போய்விட்டார். எக்ஸ்ரே எடுக்க வரிசையில் நின்று, எடுத்து, படம் வந்து, எலும்பு நன்றாக இருக்கிறது என்று தெரிந்து, வலிக்கு ஊசி போட்டுப் படுக்க வைத்தோம்.

ஊசி போடும்போது அவர் பேசினார். சவுதியில் டிரெய்லர் ஓட்டுகிறாராம். லீவில் வந்தவர், அடுத்த வாரம் திரும்பிப் போக டிக்கெட் போட்டாயிற்றாம். "பெரிய வண்டியா தம்பி?" என்று கேட்டேன். "ஏறி உக்காந்தா நம்ம வீட்டு மாடில உக்காந்த மாதிரி இருக்கும் சிஸ்டர். ஒரு தடவ ஒட்டகம் குறுக்க வந்துருச்சு. அது மேலயே ஏத்திட்டேன், பாவம். எனக்கு வச்சிருந்த டீ கூடச் சிந்தல" என்றார். அதே இடத்தில் ஒரு கார் ஒட்டகத்தில் மோதி, கூரை நசுங்கி உள்ளே இருந்தவர் போய்விட்டாராம். சொல்லும்போதே அவருக்கு மூச்சு இழுத்து இழுத்து வந்தது. "சிஸ்டர், சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்கு விட்ருவீகள்ல?" என்று கேட்டார். அம்மாவிடம் எதுவும் சொல்லாமல் வந்திருக்கிறார்களாம்.

சிறிது நேரம் கழித்து நாடி பிடித்தபோது எனக்குத் திக்கென்றது. வேகமாக ஓடியது. பிரஷர் இறங்கியிருந்தது. நெற்றி ஜில்லென்று வியர்த்திருந்தது. தண்ணீர் தண்ணீர் என்று கேட்டார். வயிற்றில் கை வைத்தேன், பலகையாக இருந்தது. டாக்டரைக் கூப்பிட ஓடினேன்.

டாக்டர் வந்து வயிற்றைத் தொட்டார், கண்ணின் உள்தோலை இழுத்துப் பார்த்தார். அப்புறம் கட்டிலை விட்டுவிட்டு நசீரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவன் தலைமுடி, புருவம், காது மடல், சட்டைக் காலர் எல்லாம் வத்தல் தூள். காதரின் சட்டை முதுகில், தம்பி தாங்கிப் பிடித்த இடத்தில் மட்டும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. தலையில் ஒரு பொட்டுக்கூட இல்லை. டாக்டர் திரும்பி, "ஏட்டையா, போய் ஒரு டீ சாப்ட்டு வாங்க" என்றார். ஏட்டையா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நோட்டை மூடிக்கொண்டு வெளியே போனார்.

"தம்பி, கைலியத் தூக்கு. முழங்காலக் காட்டு."

நசீர் தயங்கிக்கொண்டே காட்டினான். ஒரு கீறல் இல்லை.

"வண்டி மூஞ்சி உள்ள போயிருச்சுன்னு நீதான் சொன்ன. அந்த வண்டில முழங்காலுக்கு முன்னாடி ஒரு தகரந்தான் இருக்கு. ஓட்டுன உனக்கு ஒண்ணும் ஆகல, மூட்டை மேல இருந்தவருக்கு ரெண்டு முட்டியும் கன்னிப்போயிருக்கு. வத்தலு உன் தலைல இருக்கு, அவரு தலைல இல்ல. சொல்லு, யாரு ஓட்டுனது?"

நசீர் அண்ணனைப் பார்த்தான். காதர் தலையை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டினார். "அவந்தான் சார் ஓட்டுனான்" என்று காதரே சொன்னார். குரல் வெளியே வரவில்லை. டாக்டர் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தார். அந்தப் பெரிய குரலை அவ்வளவு தாழ்த்தி நான் கேட்டதே இல்லை. "காதர், எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போதும். ஸ்டியரிங் வயித்துல குத்துச்சா?"

காதர் கண்ணை மூடிக்கொண்டார். நசீர்தான் உடைந்துபோய்ச் சொன்னான். "குத்துச்சு சார். அண்ணன்தான் ஓட்டுனாக. இங்கத்த லைசென்ஸு தேதி முடிஞ்சு போச்சு, சவுதி லைசென்ஸுதான் இருக்கு. கேஸ் ஆச்சுன்னா பாஸ்போர்ட்டப் புடிச்சு வச்சுக்குவாங்க, போக முடியாதுன்னு அங்கன நின்னவுக சொன்னாக. நீ ஓட்டுனதாச் சொல்லுன்னு எல்லாருஞ் சொன்னாக சார்."

வயிற்றுக்குள் ரத்தம் தேங்கினால் சில பேருக்குத் தோளில்தான் வலி தெரியும். நாங்கள் அந்தத் தோளைப் படம் எடுத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் உள்ளே மண்ணீரல் கிழிந்து கசிந்துகொண்டிருந்திருக்கிறது. வயிற்றை அமுக்கியபோது அவருக்கு வலித்துத்தான் இருக்கும். வலிக்கிறது என்றால் படுக்கையில் போட்டுவிடுவார்கள், விமானம் தவறிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இல்லையென்று சொல்லியிருக்கிறார். வயிற்றைத் திறந்து தைக்கிற வசதி அன்று எங்களிடம் இல்லை. மதுரைக்குத்தான் போக வேண்டும். இரண்டு கையிலும் ஊசி குத்தி பாட்டில் ஏற்றி ஆம்புலன்ஸில் போட்டோம். "நீங்க கூடப் போங்க சிஸ்டர்" என்றார் டாக்டர்.

நான் பாட்டிலைக் கையால் பிழிந்துகொண்டே போனேன். நசீர் கால்மாட்டில் உட்கார்ந்து அண்ணனின் பாதத்தைப் பிடித்திருந்தான். காரியாபட்டிக்கு முன்னால் காதர் கண் திறந்து என்னைக் கூப்பிட்டார். "சிஸ்டர், பேர மாத்தி எழுதிரச் சொல்லுங்க." எனக்குப் புரியவில்லை. "ஓட்டுனது நாந்தான்னு எழுதச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அண்ணனக் கொன்னவன்னு இவன் மேல கேஸ் போட்ருவாங்க." நசீர், "அண்ணே, பேசாதீகண்ணே, ஒண்ணும் ஆகாதுண்ணே" என்று அரற்றினான். பாஸ்போர்ட்டை மறந்துவிட்டார் காதர். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்கிறேன் தம்பி, கண்டிப்பாகச் சொல்கிறேன் என்று அவர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன். மதுரைக்குள் நுழையும்போது என் விரலுக்கு நாடி கிடைக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் எவ்வளவோ பார்த்தார்கள்.

எத்தனையோ சாவு பார்த்தவள் நான். திரும்பி வரும்போது காலி ஆம்புலன்ஸில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். என் சேலையெல்லாம் வத்தல் நெடி. ஆம்புலன்ஸ் ஓட்டியவர் ஒரு தண்ணீர் பாட்டிலைப் பின்னால் நீட்டினார்.

அவர் கேட்டபடியே டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் ஸ்டேஷனுக்கே நேரில் போய்ப் பேசினார். ஓட்டியவரே இறந்துவிட்டார் என்று கேஸை முடித்தார்கள். நசீருக்குத் தொந்தரவு வரவில்லை. அங்கே நின்ற அந்த வண்டியையும் டாக்டர் பார்த்துவிட்டு வந்தார். ஸ்டியரிங்கின் கீழ்ப்பக்கம் வளைந்திருந்ததாம். வேகமே இல்லை, சுவரில் ஒரு கல்கூடப் பெயரவில்லை என்றார். "முன்னாடி ஒரு முழம் இடம் இருந்திருந்தா அந்த அடிய வண்டி வாங்கியிருக்கும் சிஸ்டர். அவரோட டிரெய்லரா இருந்தா இறங்கி வந்து ஆட்டைப் பாத்துட்டுப் போயிருப்பாரு." ஆளையே காணாத பாலைவன ரோட்டில் அத்தனை வருஷம் ஓட்டித் தப்பித்தவர், பிறந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் பாலத்தில் போய்விட்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

நாற்பதாம் நாள் ஓதி முடித்த பிறகு ஒரு காலையில் நசீர் அவனுடைய அம்மாவோடு வந்தான். முதலில் அந்த அம்மாதான் என்னைத் தேடி வந்தார். வெள்ளைச் சேலை, முக்காடு. "நர்சம்மா, இவன் சோறு திங்க மாட்டேங்கிறான். ரெண்டு வாய் வச்சுட்டு எந்திரிச்சிர்றான். வண்டியத் தொட மாட்டேங்கிறான். கேட்டா, நாந்தான் அண்ணனக் கொன்னுட்டேங்கிறான். பெரிய டாக்டருகிட்ட ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்கம்மா. ஒரு புள்ளயப் பறிகொடுத்துட்டேன். இவனையும் குடுத்துட்டு நான் யாரப் பாத்துக்கிட்டு இருப்பேன்?" என்றார். ஆள் பாதியாகிவிட்டிருந்தான். சட்டை தோளில் நிற்கவில்லை. அம்மாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவனை மட்டும் டாக்டர் அறைக்குள் கூட்டிப்போனேன்.

உட்காரச் சொல்லியும் அவன் உட்காரவில்லை. "சார், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வந்த ஒடனே நெசத்தச் சொல்லியிருந்தா அண்ணன் பொழச்சிருப்பாகளா?"

எனக்குப் பதில் தெரியும். டாக்டருக்கும் தெரியும். வந்தவுடன் ஸ்டியரிங் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எக்ஸ்ரேக்குப் போகாமல் அப்போதே மதுரைக்கு அனுப்பியிருப்போம். பேசிக்கொண்டே போய் ஆபரேஷன் மேஜையில் ஏறியிருப்பார். அப்படி அனுப்பிப் பிழைத்து, கோயில் திருவிழாவில் என்னைப் பார்த்துக் கும்பிட்டவர்கள் இருக்கிறார்கள். டாக்டர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். பிறகு நிமிர்ந்து அவன் கண்ணைப் பார்த்து, "இல்ல தம்பி. அடி ரொம்பப் பெருசு. நீ அப்பவே சொல்லியிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றார்.

அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அது.

நசீர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். கோபம் ஒன்றும் இல்லை அவன் முகத்தில். "நீங்க பொய் சொல்றீக சார்" என்றான்.

டாக்டர் மறுக்கவில்லை. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பரவால்ல சார். வெளிய அம்மா உக்காந்திருக்காக. அவுககிட்டயும் இதையே சொல்லிருங்க."

டாக்டர் எழுந்து வெளியே வந்தார். அந்த அம்மா பதறி எழுந்து நின்றார். டாக்டர் அதே வார்த்தைகளை ஒன்றுவிடாமல் மறுபடியும் சொன்னார். யார் எப்போது என்ன சொல்லியிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்றார். அந்த அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார். "அப்ப எம் புள்ளைக மேல தப்பு இல்லையேய்யா? ரெண்டு பேரு மேலயும் இல்லையே?"

"ரெண்டு பேரு மேலயும் இல்லம்மா" என்றார் டாக்டர்.

அந்த அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மகன் பக்கம் திரும்பி, "கேட்டேல்ல? வா, எதுத்தாப்புல ஓட்டலு இருக்கு, எதாச்சும் சாப்புடுவோம்" என்றார். நசீர் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்காமல், "சரிம்மா, ரொம்பப் பசிக்குது" என்று சொல்லிக்கொண்டே அவர் பின்னால் போனான்.